அன்னியப் பணமும் டில்லித் தீர்த்தமும்

நம் நாட்டில் மனிதனுக்குத் தீட்டு உண்டு; குளத்துத் தண்ணீருக்குத் தீட்டு உண்டு; பெண்களுக்கு மாதம் மூன்று நாள் தீட்டு உண்டு; வீட்டில் ஒருவர் செத்தால் பதினாறு நாள் தீட்டு உண்டு என்பதெல்லாம் வாசகர்கள் அறிந்ததேயாகும். ஆனால் பணத்துக்கு மாத்திரம் தீட்டு இல்லை என்றே இதுவரை நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஏனெனில், தாழ்த்தப்பட்டவன் கையால் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்காத வைதீகர்கூட, அவன் உண்டியலில் போட்ட காசை ஒருநாளும் கழுவி எடுத்ததில்லை. ஆனால் டில்லியிலுள்ள சர்க்காரார் நம்மைவிடப் பெரிய சாஸ்திரிகள் ஆதலால், பணத்துக்கும் தீட்டு உண்டென்று கண்டுபிடித்து, அதைப் போக்கத் தீர்த்தக் கட்டமும் ஒன்று ஏற்படுத்திவிட்டார்கள்.

அந்தத் தீர்த்தக் கட்டம் எதுவென்றால், புதுடில்லியிலுள்ள ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளைதான். வெளிநாட்டிலிருந்து ஓர் இந்திய தர்ம ஸ்தாபனத்துக்கு எந்த நன்கொடை வந்தாலும், அந்த ஸ்தாபனம் கன்னியாகுமரியில் இருந்தாலும் சரி, காசுமீரத்தில் இருந்தாலும் சரி, அந்தப் பணம் முதலில் டில்லிக்குப் போய் அந்த ஒரே கிளையில் முழுகி எழுந்த பிறகுதான் ஊருக்கு வரலாம். 2020ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், எதிர்க்கட்சியார் வெளிநடப்புச் செய்திருந்த ராஜ்ய சபையில், கொள்ளைநோய்க் காலத்து அவசரத்தில் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின் ஒரு விதி இது. சட்டத்தின் பெயர், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்.

அதே திருத்தத்தில் இன்னும் இரண்டு விதிகள் உண்டு. வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஒரு ஸ்தாபனம், அதே லைசென்சு பெற்ற வேறொரு ஸ்தாபனத்துக்குக்கூட அதில் ஒரு காசு கொடுக்கக் கூடாது என்பது ஒன்று. சம்பளம், வாடகை முதலிய நிர்வாகச் செலவுக்கு முன்பு நூற்றுக்கு 50 வரை செலவிடலாம் என்றிருந்ததை 20 ஆகக் குறைத்தது மற்றொன்று.

கேட்பவர்களுக்கு இவை ஏதோ கணக்குப்பிள்ளை விவகாரம் போலத் தோன்றும். இவை எங்கே போய்க் கடிக்கின்றன என்பதை நம் சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்தே சொல்லுகிறோம்.

நம் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு காலனிப் பகுதியில், மாலைநேர வகுப்பு ஒன்று நடந்துவந்தது. பருத்திக் காட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களுடைய பிள்ளைகள் நாற்பது பேர் அங்கே படித்தார்கள். அதே காலனியில் பிறந்து படித்த இரண்டு பெண்கள் சொற்பச் சம்பளத்துக்குக் கற்பித்தார்கள். அங்கே ஜெபமும் இல்லை, பஜனையும் இல்லை; கணக்கும் இங்கிலீஷும்தான் உண்டு என்பதை நேரில் பார்த்தவன் சொல்லுகிறேன். பணம் வெளிநாட்டிலிருந்து மதுரையிலுள்ள ஒரு பெரிய ஸ்தாபனத்துக்கு வந்து, அங்கிருந்து இங்குள்ள சிறு சங்கத்துக்கு வரும். புதிய விதி வந்தவுடன் பெரிய ஸ்தாபனம் சிறிய சங்கத்துக்குக் கொடுப்பது குற்றமாகிவிட்டது. சிறு சங்கத்தார் நேரே லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் எழுதிப் பணம் வருவிக்க அவர்களுக்கு ஆபீசும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. கற்பிக்கும் பெண்ணின் சம்பளமே அந்த வகுப்பின் முழுச் செலவு. அதை நிர்வாகச் செலவு என்று கணக்கெழுதிவிட்டால் அதற்கும் தடை. கொள்ளைநோய்க்கு மூடிய வகுப்பு பிறகு திறக்கவேயில்லை. அங்கே படித்த பெண் பிள்ளைகளில் சிலர் இன்று விடியற்காலையில் பஞ்சாலை வேனில் ஏறிப் போகிறார்கள். தேசத்தின் பாதுகாப்பு இப்படியாகக் காப்பாற்றப்பட்டது!

இதே சங்கரன்கோவிலில் கோவில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, தண்ணீரில் கரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்று சொல்லுகிறார்கள். அந்த மண்ணைக் கொடுக்க எந்த லைசென்சும் வேண்டியதில்லை. அது எந்த வியாதியைத் தீர்த்தது என்று எந்த இலாகாவும் கணக்குக் கேட்டதில்லை. ஆனால் வெளிநாட்டான் ஒருவன் அனுப்பிய பணத்தில் ஒருவர் காய்ச்சல் மாத்திரை கொடுப்பதானால், உள்நாட்டு மந்திரியின் இலாகா அவர் ஆதாரைக் கேட்கும், வரவு செலவைக் கேட்கும், கடைசியில் காரணம்கூடச் சரியாகச் சொல்லாமல் லைசென்சைப் பிடுங்கும். மண்ணுக்குச் சுதந்திரம், மருந்துக்கு விலங்கு என்றால் இது யாருக்கு வேண்டிய சர்க்கார் என்று கேட்கிறோம்.

யார் நட்ட செடி?

இதைப் படித்துவிட்டுக் காங்கிரசுத் தோழர்கள் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். இந்த விஷச் செடியை நட்டவர்கள் அவர்களேயாவார்கள். 1976ம் வருஷத்தில், இந்திரா காந்தி அம்மையார் நெருக்கடி நிலை என்ற பேரால் நாட்டையே பூட்டி வைத்திருந்தபோது பிறந்த சட்டம் இது. 2010ம் வருஷத்தில் மன்மோகன் சிங் மந்திரிசபையார் அதை எடுத்துவிட்டு, இன்னும் கடினமான புதுச் சட்டம் செய்தார்கள். “பொதுநலன்” என்றும், “பொருளாதார நலன்” என்றும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைக்கக்கூடிய வார்த்தைகளை அதில் வைத்தார்கள். பந்த், ஹர்த்தால், ரஸ்தா ரோக்கோ செய்கிற ஸ்தாபனங்களை அரசியல் தன்மையுள்ளவை என்று முத்திரை குத்தி நன்கொடையை நிறுத்தலாம் என்று 2011ம் வருஷ விதிகளிலும் எழுதினார்கள். கட்சி அரசியல் நோக்கமில்லாமல் ஜனங்களின் உரிமைக்காகப் போராடுகிறவர்கள்மேல் அதைப் பிரயோகிக்கக் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டார் சொல்ல 2020ம் வருஷம் வரவேண்டியிருந்தது. பாரதீய ஜனதாக் கட்சியார் செய்ததெல்லாம், காங்கிரசு நட்ட செடிக்குத் தண்ணீர் ஊற்றி மரமாக்கியதுதான். 2012க்குப் பின் லைசென்சு இழந்த ஸ்தாபனங்கள் 20,000க்கு மேல் இருக்கும். 2022ம் வருஷப் பிறப்பன்று ஒரே இரவில் ஏறக்குறைய 6,000 ஸ்தாபனங்களுடைய லைசென்சு இல்லாமற் போயிற்று.

அவற்றில் மோசடிக்காரர் இருக்கமாட்டார்களா என்றால், இருப்பார்கள். கணக்குக் காட்டாதவன் மேல் வழக்குப் போடட்டும், ஜெயிலில் போடட்டும், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் நடப்பதென்ன? கல்கத்தாவிலுள்ள தெரசா அம்மையாருடைய மடத்துக்கு 2021ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தார்கள். உலகம் சிரித்தது. இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் கழுவப்பட்ட பாவம் எது? நாம் அம்மையாருக்குப் பக்தர்கள் அல்லர். ஆனால் உலகப் பெயர் இருந்தால் லைசென்சு, பெயரில்லாத காலனி வகுப்பானால் பூட்டு என்பது சட்டமாகுமா?

யாருக்குத் தீட்டு இல்லை?

இனி, தீட்டில்லாதவர்கள் யார் யார் என்று பார்ப்போம். சாஸ்திரம் எழுதியவன் தனக்கு விலக்கு எழுதிக்கொள்ளாமல் விட்டதே கிடையாது அல்லவா?

முதலாவது, 2020ம் வருஷம் மார்ச்சு மாதம் பிரதம மந்திரியின் பெயரால் பி.எம். கேர்ஸ் என்று ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். அதற்கு வெளிநாட்டுப் பணம் வரலாம். ஆனால் இந்தச் சட்டம் அதற்கு இல்லை என்று விலக்கு எழுதிக்கொண்டார்கள். தகவல் அறியும் சட்டப்படி கணக்குக் கேட்டால், அது பொது அதிகார அமைப்பே அல்ல என்று பதில் சொல்லுகிறார்கள்.

இரண்டாவது, அயோத்தியில் ராமன் கோவில் கட்டுகிற ட்ரஸ்டு. 2023ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அதற்கு வெளிநாட்டு நன்கொடை வாங்க உள்நாட்டு இலாகாவின் அனுமதி கிடைத்தது. நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த டாலரினால் தேசம் ஆட்டம் கண்டுவிடும். கல்லின்மேல் கல் அடுக்க வந்த டாலரினால் தேசம் பலப்படும்! இதுதான் இவர்கள் கண்ட பொருளாதார சாஸ்திரம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பித்தலாட்டம். 1976ம் வருஷச் சட்டம் எதற்காக வந்தது? வெளிநாட்டுப் பணம் வாங்கி அரசியல் கட்சிகளும் சட்டசபை மெம்பர்களும் நாட்டை விற்றுவிடக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் 2014ம் வருஷம் மார்ச்சு மாதம் டில்லி ஹைக்கோர்ட்டார் என்ன சொன்னார்கள்? லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தாக் கம்பெனியைச் சேர்ந்த ஸ்தாபனங்களிடம் நன்கொடை வாங்கியதில் காங்கிரசு, பாரதீய ஜனதா ஆகிய இரண்டு கட்சிகளுமே இந்தச் சட்டத்தை மீறியிருக்கின்றன என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த ஸ்தாபனங்களில் ஒன்று தூத்துக்குடியில் தாமிர ஆலை நடத்திய ஸ்டெர்லைட் ஆகும்.

தீர்ப்பு வந்த பிறகு தண்டனை வந்ததா என்றால், வரவில்லை. சட்டம்தான் மாறிற்று. 2016ம் வருஷ நிதி மசோதாவில் ஒரு மூலையில் “வெளிநாட்டு ஸ்தாபனம்” என்பதற்கு அர்த்தத்தை மாற்றி எழுதினார்கள். அது போதாதென்று 2018ம் வருஷ நிதி மசோதாவில், அந்த மாற்றம் 1976ம் வருஷம் ஆகஸ்டு 5ந் தேதியிலிருந்தே அமுலில் இருந்ததாகக் கருத வேண்டும் என்று எழுதி, லோக சபையில் விவாதம்கூட இல்லாமல் நிறைவேற்றினார்கள். அதாவது 42 வருஷத்துக்கு முந்திய பாவத்தை இன்று ஒரு வரி எழுதிப் போக்கிவிட்டார்கள்! முன்ஜென்மப் பாவத்தைத் தட்சிணை வாங்கிக்கொண்டு போக்குகிற புரோகிதனுக்கும் இவர்களுக்கும் என்ன பேதம்? புரோகிதனாவது பிறத்தியாருடைய பாவத்தைப் போக்குகிறான். இவர்களோ தங்கள் பாவத்தைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். குற்றவாளிகளே நீதிபதிகளாயிருக்கும் சபைக்குப் பார்லிமெண்டு என்று பெயர்.

2025ம் வருஷத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018ம் வருஷம் கேரளத்தில் வெள்ளம் வந்து நானூறு பேருக்கு மேல் செத்தபோது, ஐக்கிய அரபு நாட்டார் உதவ முன்வந்தார்கள். கேரளத்து உழைப்பாளிகள் அந்த நாட்டைக் கட்டியவர்கள் என்பதால் வந்த உதவி அது. வெளிநாட்டு சர்க்கார்களிடம் உதவி வாங்குவதில்லை என்பது 2004ம் வருஷ சுனாமிக் காலத்திலிருந்து நம் கொள்கை என்று டில்லியார் மறுத்துவிட்டார்கள். ஆனால் 2021ம் வருஷம் டில்லியிலேயே மூச்சுவிடக் காற்றில்லாமல் ஜனங்கள் சாகத் தொடங்கியபோது, அதே கைகள் நாற்பது நாட்டு உதவியை வாங்கிக்கொண்டன. 2025ல் மகாராஷ்டிர முதன்மந்திரியின் நிவாரண நிதிக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்க லைசென்சும் கொடுத்தார்கள். கேரளத்து வெள்ளம் தீட்டுள்ள வெள்ளம். பம்பாய் வெள்ளம் மடியான வெள்ளம் போலும்!

கூடங்குளமும் தூத்துக்குடியும்

நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவாசிகளுக்கு இந்த வித்தை புதிதல்ல. கூடங்குளம் அணு உலை, 1988ம் வருஷம் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ரஷ்யக் கடனிலும் ரஷ்ய யந்திரத்திலும் எழும்பியது. அதாவது ஆலை அன்னியனுடையது, கடன் அன்னியனுடையது, மூளை அன்னியனுடையது. இடிந்தகரைக் கடற்கரையில் பந்தல் போட்டு, வலையை மடித்து வைத்துவிட்டுப் பட்டினி கிடந்த மீனவப் பெண்கள் மாத்திரம் இந்த மண்ணில் பிறந்தவர்கள். ஆனால் 2012ம் வருஷம் பிப்ரவரியில் மன்மோகன் சிங் சொன்னதென்ன? அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் பணம் வாங்கும் ஸ்தாபனங்கள்தான் இந்தக் கிளர்ச்சிக்குக் காரணம் என்றார். பட்டினி கிடக்கப் பணம் எதற்கு என்று அந்தப் பொருளாதார நிபுணரைக் கேட்பார் இல்லை.

2018ம் வருஷம் மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லி ஊர்வலம் போனவர்களில் 13 பேர் போலீசார் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 2023ம் வருஷம் ஏப்ரலில் கவர்னர் மாளிகையில் உட்கார்ந்துகொண்டு கவர்னர் ரவி அவர்கள், அந்தக் கிளர்ச்சியைத் தூண்டியது வெளிநாட்டுப் பணம் என்று பேசினார். தோழர்களே! ஸ்டெர்லைட்டைச் சேர்ந்த பணத்தை வாங்கியது யார் என்று டில்லி ஹைக்கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அதை மறைக்கச் சட்டத்தை 42 வருஷம் பின்னுக்குத் தள்ளியது யார் என்று பார்லிமெண்டு ரிகார்டு சொல்லுகிறது. காசு வாங்கியவன் தேசபக்தன். குண்டு வாங்கியவன் கைக்கூலியா?

சாட்சிகளை விரட்டும் சூழ்ச்சி

அப்படியானால் இந்தச் சட்டத்தின் உண்மையான நோக்கம் என்ன? பணத்தை நிறுத்துவதல்ல. பணம் தாராளமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. நோக்கம் சாட்சிகளை விரட்டுவதாகும். எங்கே கொத்தடிமை இருக்கிறது, எங்கே இரட்டைக் குவளை இருக்கிறது, எங்கே நிலம் பறிபோகிறது என்று எழுதி வைக்கிறவன் ஒருவன் ஊரில் இருந்தால் அது ஆள்கிறவனுக்குக் கண்ணில் மணல்.

இது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கமே உதாரணம் உண்டு. 2008ம் வருஷம் செப்டம்பரில் இலங்கை சர்க்கார், வன்னியிலிருந்த ஐக்கிய நாட்டு சபையாரையும் வெளிநாட்டு உதவி ஸ்தாபனத்தாரையும் வெளியேறச் சொல்லிற்று. போகாதீர்கள் என்று கிளிநொச்சியில் தமிழ் ஜனங்கள் வாசலை மறித்து அழுதார்கள். அவர்கள் அழுதது மாவுக்கும் பருப்புக்கும் மட்டுமல்ல. பார்க்கிற கண் போகிறதே என்று அழுதார்கள். கண் போன பிறகு 2009ம் வருஷம் மே மாதம் வரை என்ன நடந்தது என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாங்கள் தவறிவிட்டோம் என்பதை ஐக்கிய நாட்டு சபையாரின் உள் விசாரணை அறிக்கையே 2012ல் ஒப்புக்கொண்டது. இங்கே அப்படி நடக்குமென்று சொல்லவரவில்லை. விரட்டுகிறவன் எதற்காக விரட்டுகிறான் என்பதைத்தான் சொல்லுகிறோம்.

நம் கொள்கை என்ன?

“சுயமரியாதைக்காரர்கள் அன்னியனிடம் பிச்சை வாங்குவதை ஆதரிக்கலாமா? பாதிரிப் பணத்துக்கு வக்காலத்து வாங்கலாமா?” என்று சிலர் கேட்பார்கள். யோக்கியமான கேள்விதான். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாம் பாதிரிக்கும் புரோகிதனுக்கும் ஒரே தராசுதான் வைத்திருக்கிறோம். ஆனால் நடந்ததை மறைக்கமாட்டோம். பாளையங்கோட்டையில் குருடர்களுக்கும் செவிடர்களுக்கும் பள்ளிக்கூடம் வைத்தது அன்னியப் பணம். கோவிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த பெண் குழந்தைகளை 1901ம் வருஷம் முதல் டோனாவூரில் வைத்துக் காப்பாற்றியது அன்னியப் பணம். ஒரு கையில் சிலேட்டும் மறு கையில் சிலுவையும் கொண்டு வந்தார்கள் என்பது உண்மை. ஆயிரம் வருஷமாக நம் கோவில் பணம் நமக்கு அந்தச் சிலேட்டைக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. சிலுவையைக் குறை சொல்லுகிறவன் சிலேட்டைக் கொடுத்துவிட்டுக் குறை சொல்லட்டும்.

இன்றைய ஸ்தாபனங்களிலும் ஊழல் இல்லையென்று சொல்லமாட்டோம். ஏழைப் பிள்ளையின் மூக்குச்சளியைப் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணம் திரட்டுகிறவர்கள் உண்டு. குடிசை வறுமையைப் பற்றி ஓட்டல் ஹாலில் மகாநாடு போடுகிறவர்கள் உண்டு. வருகிற பணத்துக்கேற்றபடி இந்த வருஷம் எய்ட்சு, அடுத்த வருஷம் சுற்றுச்சூழல் என்று கொள்கை மாற்றுகிறவர்களும் உண்டு. கொடுக்கிறவனும் சும்மா கொடுப்பதில்லை. 1965, 1966 வருஷங்களில் நாம் பஞ்சத்தில் இருந்தபோது, வியட்நாம் யுத்தத்தைக் குறை சொன்னதற்காக ஜான்சன் கோதுமைக் கப்பலை மாதக் கணக்கில் கயிறு கட்டி ஆட்டினார். 2025ம் வருஷம் ட்ரம்பு ஒரே கையெழுத்தில் அமெரிக்க உதவியை உலகமெங்கும் நிறுத்தினார். பிச்சை போடுகிறவன் கையை மூடினால் பாத்திரம் காலி. ஆகவே பிச்சையில் சுயமரியாதை இல்லை என்பதில் நமக்குச் சந்தேகமேயில்லை.

ஆனால் பிச்சையை ஒழிக்க வழி, பாத்திரத்தைப் பிடுங்குவதல்ல; அடுப்பை மூட்டுவதாகும். நம் நாட்டிலேயே அதற்கு அத்தாட்சி இருக்கிறது. காமராசர் 1956ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு தொடங்கினார். 1961 முதல் அமெரிக்க ‘கேர்’ ஸ்தாபனத்தார் பால் பவுடரும் கோதுமையும் கொடுத்தார்கள். அந்தக் கோதுமை உப்புமா தின்று எழுத்துப் படித்தவர்கள் இன்றும் நம் ஊரில் இருக்கிறார்கள். அதனால் ஒருவரும் அமெரிக்காவுக்கு ஊரை விற்றுவிடவில்லை. பிறகு 1982ல் எம்.ஜி.ஆர். சர்க்கார் சத்துணவை விரிவாக்கிற்று. 2022ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. அன்னியக் கோதுமை போயிற்று, சோறு நின்றது. ஏன்? அதைச் சர்க்காரே தன் செலவில் கடமையாக ஏற்றுக்கொண்டதால் நின்றது. இதுதான் அன்னிய உதவியை ஒழிக்கும் நாணயமான வழி.

டில்லியார் செய்தது அதுவா? 2017ம் வருஷத்தில் கம்பாஷன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ ஸ்தாபனத்தை வெளியேறும்படி செய்தார்கள். அதனிடம் உதவி பெற்ற ஏறக்குறைய 1,45,000 பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மறுநாள் முதல் சர்க்கார் சோறும் புத்தகமும் கொடுத்தது? மதமாற்றம் நடக்கிறது என்று கூச்சலிட்டவர்களில் ஒருவராவது ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போனாரா? அந்தப் பிள்ளையைத் தொடவே மாட்டார்கள். பிறத்தியான் தொட்டால் மாத்திரம் மதம் கெட்டுவிடும் என்பார்கள்.

2022ம் வருஷம் ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டார் இந்தத் திருத்தச் சட்டத்தைச் செல்லும் என்று ஒப்புக்கொண்டு, அயல்நாட்டு நன்கொடை போதை போன்றது, அளவோடு கொண்டால் மருந்தாகும் என்ற கருத்துப்படச் சொன்னார்கள். நாம் ஒன்று கேட்கிறோம். போதையென்றால் எல்லாருக்கும் போதைதானே? குடிசையில் இருப்பவன் குடித்தால் ஜெயில், கோவிலும் கட்சியும் குடித்தால் தீர்த்தம் என்பது எந்த நியாயம்?

ஆகவே தோழர்களே! நாம் கேட்பது சலுகையல்ல. ஒன்று, ஒரே சட்டம்: காலனி வகுப்புக்கு உள்ள கணக்கும் தணிக்கையும் ராமன் கோவிலுக்கும், பி.எம். கேர்ஸுக்கும், கட்சிகளுக்கும் வேண்டும். இரண்டு, லைசென்சைப் பறிப்பதானால் காரணத்தை எழுத்தில் சொல்லி, கோர்ட்டில் ருசுப்படுத்திய பிறகு பறிக்க வேண்டும். மூன்று, ஒரு ஸ்தாபனத்தை மூடினால், அது செய்துவந்த வேலையை மறுநாள் முதல் சர்க்கார் ஏற்க வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆடித்தபசுக்கு நம் வட்டாரத்திலிருந்து வண்டி கட்டிப் போய் உண்டியலில் கொட்டுகிற பணத்தில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால், மூடிய அந்த மாலை வகுப்பு வருஷம் முழுவதும் நடக்கும். அதற்கு டில்லியின் உத்தரவும் வேண்டாம். லண்டன் பணமும் வேண்டாம். ராயகிரியில் நாம் சிலர் மாதம் ஐம்பது, நூறு என்று போட்டுத் தொடங்க எண்ணியிருக்கிறோம். சொல்லிக்கொடுத்த இரண்டு பெண்களில் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பஞ்சாலை வேன் வருவதற்குள் பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வர வேண்டும். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் தங்கள் ஊரிலும் இதையே யோசிப்பார்களாக.

— ராயகிரி, ஒரு தோழர்